கன்னத்தின் உள்பக்கம்

“இந்தப் பொண்ணு ஆளைப் பாக்கல, எல்லார் வாயையும்ல பாக்குது.”

இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை அக்கா. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு நான் அடுப்படிக்குள் போனேன். பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தி யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. கனகா சித்தி என்று பெயர். அவர் சொன்னது பொய்யில்லை. நான் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் “கல்யாணம் ஆயிருச்சாம்மா?” என்று கேட்டீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுதான் என் வழக்கம். எனக்கு ஆட்களோடு பேச வராது. கல்லூரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளிடம் பேனா கேட்கக்கூடத் தயங்குவேன். ஆனால் நீங்கள் சாத்தூரில் இறங்கிவிடுவீர்கள், நான் கோவில்பட்டிக்குப் போய்விடுவேன். இனிமேல் நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால் சொல்லலாம் என்று தோன்றுகிறது. வருத்தத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நியாயம் யார் பக்கம் என்று ஒருத்தராவது கேட்டுச் சொல்லட்டுமே என்றுதான்.

மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். பல்லோடு எனக்கு வேலை இல்லை. வாயின் உள்தோலோடுதான். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு, இங்கெல்லாம் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அந்த இடத்தை மரக்குச்சியால் சுரண்டி, வருவதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயவிடாமல் உடனே ஆல்கஹாலில் போட வேண்டும். காய்ந்துவிட்டால் செல்கள் உப்பிப்போகும், பார்த்துப் பயன் இல்லை. பிறகு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுப்பேன். என்ன நோய் என்று சொல்வது எங்கள் துறைத் தலைவர் பியூலா மேடம்.

நல்ல கன்னத்துச் செல் எப்படி இருக்கும் தெரியுமா அக்கா? அப்பளம் மாதிரி அகலமாக, மெல்லிசாக, நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் செல்லின் கரு. ஒன்றோடு ஒன்று இடிக்காமல் அது அது அதன் இடத்தில் கிடக்கும். எனக்கு மனிதர்களைவிட அதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வந்த பிறகு யாரோடு பேசினாலும் என் பார்வை வாய்க்குத்தான் போகும். மாப்பிள்ளையின் முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை. மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். சிரிக்கும்போது அதை உதட்டால் மறைக்கப் பார்ப்பார். மறைக்க முடியாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். அவ்வளவுதான் ஞாபகம். ஜோதிமுருகன் என்று பெயர். அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அவருடைய அம்மாவைப் பற்றி. சீனியம்மாள்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் இல்லை, ஒரே மகன். தட்டைத் தட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எங்கள் வீடே அவருடைய வீடாகிவிட்டது. “பொண்ணு ரொம்ப அமைதி…” என்று அம்மா இழுத்தபோது, “அதுக்கென்ன மதினி, பேசறதுக்கு வீட்டுல நான் ஒருத்தி பத்தாதா? கேக்கறதுக்குத்தான் ஆளில்லாம இருந்தேன்” என்றார். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து வாய் நிறையச் சிரித்தார்.

அப்போதுதான் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம், வாய் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, வெள்ளையாக ஒரு திட்டு. வெற்றிலைக் காவிக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. வெள்ளைக்குள்ளே அங்கங்கே சிவப்பு. வெறும் வெள்ளை என்றால் அவ்வளவு பயமில்லை. சிவப்பு கலந்தால்தான் பயம்.

சொல்ல முடியுமா, சொல்லுங்கள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். காபித் தட்டோடு நின்றுகொண்டு, உங்கள் வாயில் ஒரு திட்டு இருக்கிறது, வந்து காட்டுங்கள் என்று சொல்ல முடியுமா? காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மாதமே நிச்சயம் செய்து தட்டு மாற்றினார்கள்.

நிச்சயம் ஆன பெண்ணுக்கு மாப்பிள்ளை போன் செய்வார் என்பார்கள். எனக்கு மாமியார் போன் செய்தார். தினமும், சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். நான் பேசவே வேண்டியதில்லை. “சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்ட. ஹாஸ்டல் சாம்பார் அப்படித்தான் இருக்கும். சரி, நாளைக்குக் கொஞ்சம் பருப்புப்பொடி பஸ்ஸுல குடுத்து விடுறேன். வேண்டாம் அத்தைம்ப. நீ சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?” என் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார். நான் போனைக் காதில் வைத்தபடி துணி மடிப்பேன். எனக்கு அது… வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

கல்யாணப் பட்டு எடுக்க மதுரைக்கு வந்தார்கள். கடையின் மூன்றாவது மாடியில், முகம் கழுவும் இடத்தில், அவரும் நானும் தனியாக நிற்க வாய்த்தது. மேலே நல்ல வெளிச்சமான ட்யூப்லைட். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அத்தை, ஒரு நிமிஷம் வாயைத் திறந்து காட்டுறீங்களா?”

என் பக்கம் திரும்பினார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏத்தா, பொண்ணு பாக்க வந்தது நானு. நீ மாமியார் பாக்குறியாக்கும்? சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்குற மாதிரி!” என்று ஒரே சிரிப்பு.

“இல்ல அத்தை, அந்தக் கன்னத்துல…”

சிரிப்பு நின்றது. வாயைத் திறந்தார். நான் நினைத்ததைவிடப் பெரிசாக இருந்தது. பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து, அதன் கூர் அந்த இடத்தையே உரசிக்கொண்டிருந்தது.

“அதுவா?” என்றார். “புகையிலை அடக்கி அடக்கி வெந்து போச்சு. காரம் பட்டா எரியும். யாருகிட்டயும் சொல்லிராத. எம் மவன் வெத்தலைப் பெட்டியத் தூக்கி எறிஞ்சிருவான்.”

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த வாரம் எங்கள் லேபுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்துச் சுரண்டி எடுத்தது நான்தான். வலிக்கக் கூடாது என்று மெதுவாகத்தான் எடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் எடுப்பேன். பஞ்சு மாதிரி கை என்று நோயாளிகள் சொல்வார்கள். குச்சியை வெளியே எடுத்ததும் சீனியம்மாள், “இவ்வளவு பைய நீ முட்டை உரிச்சா, எங்க ஸ்கூல்ல பிள்ளைக சாயங்காலம்தான் சாப்பிடும்” என்றார். அவருக்கு எதிலும் கேலிதான்.

மேடம் அந்தத் தகட்டை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்கள். சின்னச் சின்னச் சீழ் செல்கள் எங்கே பார்த்தாலும் மொய்த்துக்கொண்டு கிடந்தன. நடுவில் கன்னத்துச் செல்கள். சிலதில் கரு சற்றுப் பெருத்து, அதைச் சுற்றி வெளிறிப்போய் ஒரு வளையம்.

இதில்தான் சங்கடம் அக்கா. உடைந்த பல் குத்தியோ சூடு பட்டோ புண்ணாகி அழற்சி வந்தாலும் கரு பெருக்கும். புற்றுநோய் தொடங்கினாலும் பெருக்கும். முற்றிய பிறகு பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கரு கறுத்து, கோணிக்கொண்டு, செல் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எது எது என்று அந்தச் செல்லுக்கே தெரியாத மாதிரி இருக்கும்.

“மேலாப்புல வந்த செல்தான் இதுல இருக்கு. இதை வச்சு நான் எதையும் சொல்ல மாட்டேன்” என்றார்கள் மேடம். சீனியம்மாளைக் கூப்பிட்டு, “பல்லோட கூரை இன்னைக்கே ராவி விட்டுருவோம். வெத்தலை, புகையிலை ரெண்டும் தொடக் கூடாது. மருந்து தடவுங்க. வெறும் அழற்சியா இருந்தா ரெண்டு வாரத்துல அடங்கிரும். அடங்கினாலும் அடங்காட்டியும் வந்து காட்டணும். அடங்கலேன்னா துண்டு எடுத்துப் பாத்தே ஆகணும்மா” என்று பொறுமையாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பல்லை ராவிவிட்டு, கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவைத்து, வலது பக்கமாகவே சாய்த்துக் குடித்தார். குடித்துக்கொண்டே சம்பந்தமில்லாமல் ஒரு கதை சொன்னார். அவருடைய நாத்தனார் வீட்டில் தமிழரசி என்று ஒரு மருமகளாம். நிச்சயம் பண்ணின வாரத்தில் மாமனாருக்கு மாரடைப்பாம்.

“அந்த மனுசன் தெனம் கோழியடிச்சுத் தின்னு கொழுப்பேறிச் செத்தாரு. ஆனா பேரு யாருக்கு? தமிழரசிக்கு. வரும்போதே வாரிட்டுப் போனவளாம். அவ பிள்ளைக காலேஜுக்குப் போயிருச்சு, இன்னமும் ஒரு நல்ல காரியத்துல அவளை முன்னால நிக்க விடமாட்டாளுக. இந்தச் சனத்துக்கு வாய் நாறுறதுக்கு வெத்தலையே வேண்டாம் தாயி.”

எதற்கு அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் அப்படித்தான். ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றுக்குத் தாவிவிடுவார்.

இரண்டு வாரம் போயிற்று. வரவில்லை. போனில் கேட்டேன். “எரிச்சல் கொறைஞ்சிருக்கு” என்றார். வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அதை நம்பினேன், ஏனென்றால் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிற அந்தக் குழறல் பேச்சில் இல்லை. ஆனால் வரவில்லை. அடுத்த வாரம் கேட்டால் பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றார். அதற்கடுத்த வாரம் கேட்டால், “கல்யாண வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கலாமா? எல்லாம் முடியட்டும், நீயும் நானும் சேர்ந்தே போவோம்” என்றார்.

திடீரென்று தையில் வைத்திருந்த கல்யாணத்தை முன்னால் ஐப்பசிக்கு இழுத்தார். மண்டபம் கிடைத்துவிட்டதாம். “என்ன அவசரமோ, சமைக்க ஆள் இல்ல போல” என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் லீவு சொல்ல வேண்டும், கல்லூரியில் பரீட்சை நேரம் வேறு. எதையும் கேட்காமல் நாள் குறித்தால் எப்படி?

போன் வருவதும் மாறிவிட்டது. தினமும் வரும், ஆனால் “நீ பேசு தாயி, நான் கேக்குறேன்” என்பார். எனக்கு என்ன பேச வரும்? இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன சாயம் தீர்ந்துபோனது, இதைத்தான் சொல்வேன். “ம்” என்பார். பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்போம். அந்தப் பக்கம் எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். வைக்கவும் மாட்டார்.

பத்திரிகை அடிக்கக் கொடுக்க சிவகாசிக்குக் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கால் வலி, நான் மட்டும் போனேன். அச்சகத்தில் பிள்ளையார் போட்டது, மயில் போட்டது, தங்க ஓரம் வைத்தது என்று மேஜை முழுக்கப் பரப்பி வைத்தார்கள். ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட ஒரு ஓட்டலுக்குப் போனோம். எனக்குச் சாப்பாடு சொல்லிவிட்டு அவர் தயிர் மட்டும் வாங்கிக்கொண்டார். ஸ்பூன் உள்ளே போகிற அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. ஓரமாகச் சரித்து ஊற்றிக்கொண்டார். கைக்குட்டையால் வாயை ஒற்றி மடித்தபோது அதில் ரத்தம். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“அத்தை, இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது. நாளைக்கே வாங்க.”

“வந்தா வெட்டுவாகளா?”

“துண்டு எடுத்துப் பாப்பாங்க. அதுல என்ன வருதோ அதைப் பொறுத்து.”

“கல்யாணத்துக்கு முன்னாலயா?”

“முன்னாலதான். ரெண்டு மாசமெல்லாம் காத்திருக்க முடியாது.”

“அப்ப ஊருக்குத் தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா என்ன அத்தை?”

என் இலையில் அப்பளம் இல்லை என்று பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் என் தலையில் பூ சாய்ந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பி வைத்தார். நேராகத்தான் இருந்தது. பிறகு அச்சகத்துக்குப் போகாமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். எந்தப் பத்திரிகையும் அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவரும் கனகா சித்தியும். தண்ணீர் வருகிற நேரம், தெருவே குடத்தோடு நிற்கிறது. வாங்க என்று அம்மா கூப்பிட்டதற்கு, “உள்ள வரல மதினி” என்றார். அவ்வளவு சத்தமாக அந்த வாயிலிருந்து எப்படி வந்ததோ, தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

“இந்தச் சம்மந்தம் வேண்டாம். குத்தம் எங்க பக்கம்தான். எம் மவனுக்கு வேற எடத்துல மனசு இருக்கு, எனக்கே இப்பத்தான் தெரிஞ்சது. பொண்ணு மேல ஒரு குத்தமும் கெடையாது. தங்கம். யாரு வந்து கேட்டாலும் இதையே சொல்லுவேன்.”

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? இத்தனை பேர் முன்னால் ஏன்? எங்கள் மானத்தை நடுத்தெருவில் வைத்து வாங்க வேண்டும் என்றே வந்தது போல இருந்தது. என்னைத் தங்கம் என்று வேறு சொன்னார். வேண்டாம் என்று சொல்கிறவர் எதற்குத் தங்கம் என்று சொல்ல வேண்டும்?

கனகா சித்தி வாயைப் பிளந்துகொண்டு சீனியம்மாளையே பார்த்தார். அவருக்கே அது புதுசு போலிருக்கிறது. அம்மா சும்மா விடவில்லை. மண்ணை அள்ளித் தூற்றினாள். என்னென்னவோ சொன்னாள், அதையெல்லாம் இப்போது சொல்ல வரவில்லை. சீனியம்மாள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. “இத்தன நாளும் கிழியக் கிழியப் பேசுனியே, இப்ப என்ன வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டு அப்படியே நின்றார். நிச்சயப் புடவையைக் கொண்டுவந்து நீட்டினோம், வாங்கிக்கொள்ளவில்லை. “அது அவளுக்குன்னு எடுத்தது” என்றார். பிச்சை போடுகிற மாதிரி. நியாயமாக வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? அந்தப் புடவையைப் பெட்டியின் அடியில் போட்டுவைத்திருக்கிறேன். எடுத்துப் பார்ப்பதில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று எப்போதாவது உதறி மடித்து வைப்பதோடு சரி.

தெருவில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “மாப்பிள்ளை சரியில்லையாம், பாவம் இந்தப் பிள்ள” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் பிழைத்தோம்.

அவர் போன் செய்தார், ஜோதிமுருகன். நிறையத் தடவை. நான் எடுக்கவில்லை. வேறு ஒருத்தியை மனசில் வைத்துக்கொண்டு என்னிடம் என்ன பேச்சு? இதெல்லாம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லையாம். அந்தப் பெண் என்ன ஆனாளோ.

போன மாதம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கனகா சித்தியைப் பார்த்தேன். அவர்தான் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டதாம். இடது பக்கத் தாடை, கன்னம், நாக்கிலும் பாதி எடுத்துவிட்டார்களாம். கழுத்திலும் இறங்கியிருந்ததாம். மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. பேச்சு இல்லை. சாயங்காலம் ஆனால் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். யாருக்கும் போடுவதில்லையாம். சும்மா வைத்துக்கொண்டிருப்பாராம்.

“நல்ல நேரத்துலதான் உன் சம்மந்தம் முறிஞ்சுது தாயி. முறியாம இருந்து இது வந்திருந்தா, எங்க சனம் உன் தலையிலதான் கட்டியிருக்கும்” என்றார் கனகா சித்தி. ஆறுதல் சொல்கிறாராம். இவர்கள் முறித்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமாம். பஸ் வந்துவிட்டது என்று கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் வேண்டாம் அக்கா. கண்ணில் தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்கிறேன்.

சாத்தூர் வரப்போகிறது போலிருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொன்னால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வாசலில் வந்து அத்தனையும் பேசிவிட்டுப் போனாரே, மறுநாள், திங்கட்கிழமை காலையில், எங்கள் லேப் வாசல் வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அத்தனை வாரம் போனில் கெஞ்சினேன், வரவில்லை. சம்பந்தத்தை முறித்த மறுநாள் வருகிறார். எந்த முகத்தோடு வந்தார் என்கிறீர்கள்? வேறு ஆஸ்பத்திரியா இல்லை மதுரையில்?

முறை வந்ததும் உள்ளே வந்தார். “வணக்கம் சிஸ்டர்” என்றார். என்னைத்தான். நானும் “உட்காருங்க” என்றேன். அத்தை என்று சொல்லவில்லை. மேடம் விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்கள் முகம் மாறிவிட்டது.

“ஏம்மா, ரெண்டு வாரத்துல வரச் சொன்னேனே! கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் இல்ல டாக்டர். மவனுக்கு இனிமேதான் சொல்லணும்.”

மேடம் அதற்கு மேல் திட்டவில்லை. துண்டு எடுக்க மறுநாளே வரச் சொன்னார்கள். என்னிடம் திரும்பி, “அதுக்கு முன்னால இன்னைக்கே ஒரு தடவை சுரண்டி எடு. இந்தத் தடவையாவது ஆழமா எடு செண்பகவல்லி” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

நானும் அவரும் மட்டும். கையுறை மாட்டினேன், தகட்டை எடுத்து வைத்தேன், குச்சியை எடுத்தேன். அதை நழுவவிட்டு இன்னொன்றை எடுத்தேன். கோபத்தில்தான். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், கேட்டுவிட்டேன்.

“இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?”

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்கிற மாதிரி சொன்னார்.

“இப்ப நீ யாரோ, நான் யாரோ. இனி எனக்கு என்ன வந்தாலும் உனக்கு ஒண்ணும் இல்லேல்ல.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள் அக்கா. யாரோவாம். தினமும் சாயங்காலம் போனில் வந்தவர்.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. குச்சியைச் சரித்து உள்ளே விட்டேன். அந்த இடம் தடித்து, ஓரம் கல் மாதிரி இருந்தது. குச்சியின் முனை அதில் படுகிறது, ஆனால் என் கை அழுத்தவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். அப்போதும் அழுத்தவில்லை.

சீனியம்மாள் நாற்காலியின் பிடியிலிருந்து கையை எடுத்தார். குச்சியோடு சேர்த்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் கன்னத்துக்குள் அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார்.